மாக்சிம் மலெக் தலையில் இறகு இல்லை

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் விளையாட்டுச் சங்கத் தலைவர் புண்ணியமூர்த்தி அண்ணை அவர்களே, தமையனைப் பிறந்த மண்ணில் அடக்கம் செய்துவிட்டுக் கடல் தாண்டி எங்களிடம் வந்திருக்கும் அன்புச் சகோதரி லுயீஸ் மலெக் அவர்களே, பனி ஹொக்கிக் கழகத்தின் சார்பில் வந்திருக்கும் துணைத் தலைவர் அவர்களே, அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து நான் பேசுவதைப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருக்கும் சுஜாந்தி அவர்களே, கார்ஜிலிருந்தும் பியர்ஃபித்திலிருந்தும் கூசேன்விலிலிருந்தும் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, கதிரை போதாமல் சுவரோடு சாய்ந்து நிற்கும் பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் தயாளினி. மெத்ரோ ரயில் தலைக்கு மேலே ஓடும் அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கத்தில், பாரிசின் லா சப்பலில், தையல் கடை வைத்திருக்கிறேன். சேலைக்கு ஓரம் அடிப்பேன். களிசான் நீளம் குறைப்பேன். கழகத்தில் விளையாடும் பிள்ளைகளின் சட்டைகளுக்கும் நான்தான் பொறுப்பு. மேடைப் பேச்சு என் தொழில் அன்று. ஆனாலும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அழுவதற்காக இங்கே வரவில்லை. அழ வேண்டியதைக் கடைக் கதவைச் சாத்திவிட்டு அழுது முடித்துவிட்டேன். இப்போது எனக்கு இருப்பது கோபம். சுஜாந்தி, நீங்கள் அகதி வழக்குகளில் மொழிபெயர்க்கிறவர். அங்கே ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டீர்கள், குறைக்கவும் மாட்டீர்கள். இங்கேயும் அப்படியே செய்யுங்கள். காதுக்குள் மெல்லச் சொல்ல வேண்டாம். உரக்கவே சொல்லுங்கள்.

மாக்சிம் மலெக் இறந்து இன்று முப்பத்தோராம் நாள். எங்கள் வழக்கப்படி இந்த நாளைச் செய்யலாமா என்று லுயீஸிடம் கேட்டோம். "சாப்பாடு இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்றோம். "அப்படியென்றால் எங்கள் வழக்கமும் அதுதான்" என்றார். வெளியே வடையும் தேநீரும் காத்திருக்கின்றன. என் பேச்சு முடியும்வரை யாரும் எழும்பக் கூடாது.

யார் இந்த மாக்சிம் மலெக்? இந்தத் தெருவில் அவரை வெள்ளைக்காரன் என்று நினைத்தவர்கள் உண்டு. மொரீசியஸ் ஆள் என்றவர்கள் உண்டு. "அவர் எங்கடை மட்டக்களப்புப் பக்கம்போலை" என்று சத்தியம் செய்தவரும் இந்த மண்டபத்தில் இருக்கிறார், நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் இன்னு என்ற மக்களைச் சேர்ந்தவர். கனடாவின் கிழக்கே, பெரிய ஆறு ஒன்று கடலில் விழுகிற வடகரையில் பிறந்தவர். கப்பலில் வந்தவர்கள் புதிய நாட்டைக் கண்டுபிடித்தோம் என்று கத்தியபோது, கரையில் நின்று யாரடா இவர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களின் பேரன். அவருடைய தகப்பனைச் சிறுவயதில் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டுபோய் விடுதிப் பள்ளியில் அடைத்தார்கள். தாய்மொழியில் ஒரு சொல் பேசினால் அடி. இதைக் கேட்டு இந்த மண்டபத்தில் யாருக்காவது ஆச்சரியமா? எனக்கும் இல்லை. அதனால்தான் அவர் எங்கள் ஆளானார்.

ஆற்றில் பனி இறுகியதும் அந்த ஊர்ப் பிள்ளைகள் சறுக்குச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்களாம். ஒரு வளைந்த மட்டை, ஒரு கறுப்பு ரப்பர் வட்டு, இரண்டு கல்லை வைத்தால் கோல். அப்படி விளையாடி வளர்ந்தவர், இளையோர் அணிகளில் பேர் எடுத்தார். தடுப்பாட்டக்காரர். அவரைத் தாண்டி வட்டைக் கொண்டுபோவது கல்லில் நார் உரிக்கிற வேலை என்று லுயீஸ் சொல்கிறார். பெரிய அணிகளுக்கு ஆள் தேடுபவர்கள் வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் தெரியுமா? ஆட்டம் நல்லது, ஆனால் இந்த இனத்துப் பையன்களுக்கு வீட்டு நினைவு அதிகம், பாதியில் ஓடிவிடுவார்கள் என்றார்கள். அவருக்குப் பின்னால் நின்றவர்களை எடுத்தார்கள். அவரை விட்டார்கள். வீட்டை நினைப்பது ஒரு குற்றமா? அப்படியானால் இந்தத் தெருவில் குற்றவாளி இல்லாதவர் யார்?

அவர் ஓடவில்லை. அங்கே கதவு சாத்தியதும் இங்கே வந்தார். பாரிசின் வடபுறத்தில் இருக்கும் இந்தக் கழகத்தில் சேர்ந்தார். கழகத்தின் பெயரை நான் இன்று சொல்லப் போவதில்லை. துணைத் தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்தில் கழகத்தின் சின்னம் ஒரு தலை. சிவந்த முகம், வளைந்த மூக்கு, உச்சியிலிருந்து முதுகுவரை இறகு. சட்டையின் நெஞ்சில் ஒரு பெரிய வட்டத்துக்குள் அதைத் தைத்திருந்தார்கள். மாக்சிம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது இருந்தது. அவர் வந்ததும் கழகத்துக்குக் கொண்டாட்டம்! சின்னத்துக்கே உயிர் வந்துவிட்டது என்று துண்டுப் பிரசுரம் அடித்தார்கள். அவர் பனித்தளத்தில் இறங்கினால் ஒலிபெருக்கியில் மேளம் அடிப்பார்கள். இருக்கைகளில் இருப்பவர்கள் உள்ளங்கையால் வாயில் தட்டித் தட்டி ஊளையிடுவார்கள். தங்கள் அணியின் ஆட்டக்காரனைப் பார்த்துத்தான்! அன்போடுதான்!

ஒருநாள் அவர் ஒரு கோல் அடித்தார். மேளம் தொடங்கியது, ஊளை தொடங்கியது. மாக்சிம் நடுவட்டத்துக்குப் போய்ப் பனியிலே உட்கார்ந்தார். சறுக்குச் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார். இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, காலுறையோடு, பனியின்மேல் மெல்ல நடந்து வெளியே வந்தார். சறுக்குகிறவர்களுக்கு நடுவில் ஒரு மனிதன் நடக்கிறான். ஊளை ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. மேளத்தை நிறுத்த மட்டும் யாருக்கும் தோன்றவில்லை, அது தனியே அடித்துக்கொண்டிருந்தது. பயிற்றுநர் ஓடிவந்து "என்ன ஆயிற்று, கால் அடிபட்டதா?" என்று கேட்டாராம். "கால் நன்றாக இருக்கிறது, காதுதான் வலிக்கிறது" என்றார் மாக்சிம்.

அதற்கு மறுநாள் என் கடைக் கதவு திறந்தது. அப்போது எனக்கு அவரைத் தெரியாது. நிலையை அடைத்துக்கொண்டு ஒரு மனிதர், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே கழகத்தின் சட்டை. சின்னத்தைக் காட்டி, "இதைப் பிரிக்க முடியுமா?" என்று கேட்டார். சேலைக்கு ஓரம் அடிக்க வந்த தங்கேஸ்வரி அக்கா பக்கத்தில் இருந்தா. இப்போதும் மூன்றாவது வரிசையில் இருக்கிறா.

"பிள்ளை, நல்ல வடிவான தைப்பு. ஏன் பிரிக்கச் சொல்லுறான்? விசரோ?" என்றா அக்கா.

"கேட்டுப் பாக்கிறன், இருங்கோ" என்று சொல்லிவிட்டு, இது உங்கள் முன்னோர் தலையில் கட்டியதுதானே, ஏன் பிரிக்க வேண்டும் என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன்.

மாக்சிம் சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள், தோள்தான் முதலில் சிரிக்கும். "என் தாத்தா மீன் பிடித்தவர். தலையில் கம்பளித் தொப்பி போட்டிருந்தார். இந்த இறகு கட்டுகிறவர்கள் மேற்கே சமவெளியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது புனிதமானது. சும்மா யாரும் கட்ட முடியாது. எனக்கும் உரிமை இல்லை, இந்தச் சட்டைக்கும் உரிமை இல்லை" என்றார்.

எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. எப்படி விளங்காமல் போகும்? கடைக்கு வருகிற பிரெஞ்சுக்காரிகள் என்னை இந்தியப் பெண் என்பார்கள். அவரையும் இந்தியன் என்றார்கள். நாங்கள் இருவருமே இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. இல்லையம்மா, நான் இலங்கை, யாழ்ப்பாணம் என்றால், "ஆனால் நீங்கள் நன்றாக நடனம் ஆடுவீர்கள், இல்லையா?" என்று கேட்பார்கள். எனக்கு ஆடத் தெரியாது. கோபப்படத் தெரியும்.

"பிரிக்கலாம். ஆனால் நல்ல இறுக்கமான தையல், இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தைத்திருக்கிறார்கள். பிரித்தால் துணியில் ஊசித் துளை தெரியும். வேறு படம் ஏதாவது மேலே வைத்துத் தைத்து மறைத்துவிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். துளை தெரியட்டும்" என்றார்.

இதோ, இந்த மேசையில், குத்துவிளக்குக்கு முன்னால் விரித்து வைத்திருக்கிறோமே, அதுதான் அந்தச் சட்டை. கூட்டம் முடிந்ததும் கிட்ட வந்து பாருங்கள். நெஞ்சில் ஒரு வட்டம், அதற்குள் ஒன்றுமே இல்லை. விரலால் தடவினால் துளைகள் தட்டுப்படும். அந்தச் சட்டையோடு அவர் அடுத்த ஆட்டத்துக்கு இறங்கினார். கிழிந்த உடையில் ஆடக் கூடாது என்றது நிர்வாகம். எங்கே கிழிந்திருக்கிறது, காட்டுங்கள் என்றார். காட்ட முடியவில்லை. என் வேலை அப்படி!

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை இனிக்கிறது. அடுத்த கிழமை அணியின் கோல் காப்பாளர் என் கடைக்கு வந்தார், கையில் சட்டை. பிறகு இன்னொருவர். பிறகு இன்னும் சிலர். நெடிய பிரெஞ்சுக்காரர்கள் சட்டையும் கையுமாக என் வாசலில் வரிசையில் நின்றார்கள். தெருவால் போன எங்கள் சனம், "என்ன தயாளினி, கொத்துரொட்டி போடத் தொடங்கிட்டியோ?" என்று எட்டிப் பார்த்தது. அந்தப் பருவம் முடிவதற்குள் கழகம் சின்னத்தையே மாற்றியது. மேளமும் நின்றது. யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் கேட்கச் சொல்லவில்லை. ஆடிக்கொண்டே இருந்தார்.

முழங்கால் பழுதானபோது ஆட்டம் நின்றது. ஊருக்குத் திரும்பிவிடுவார் என்றார்கள். அவர் திரும்பவில்லை. கழகத்துக்கு ஆள் தேடும் வேலையைக் கேட்டு வாங்கினார். தன்னை வேண்டாம் என்று சொன்ன வேலையை ஒரு மனிதன் கேட்டு வாங்குகிறான் என்றால், அதை என்னவென்று சொல்வது? பழி வாங்குவதற்கு இதைவிட நல்ல வழியை நான் அறியேன்.

எல்லோரும் பனித்தளங்களில் ஆள் தேடினார்கள். இவர் லா கூர்நெவ் பூங்காவுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பொடியன்கள் கிரிக்கெட் ஆடுகிற இடம். மரத்தடியில் தனியே நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஒருவரையே உற்றுப் பார்த்தார். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தார். எங்கள் சனம் என்ன நினைக்கும்? உலகத்தில் வேறு எந்தச் சனமென்றாலும் ஆட்டம் பார்க்க வந்தவர் என்று நினைத்திருக்கும்.

"அங்கை பார், அந்த மரத்தடியிலை. பொலிசோ?"

"பொலிசெண்டால் சோடியா வருவாங்கள்."

"தனிய வந்தால் பிரிஃபெக்சர் ஆள். விசா இல்லாத ஆக்களைப் பாக்க வந்திருக்கிறான். ஓடுங்கோடா!"

ஓடினார்கள். பந்து வீசுகிறவர் ஓடினார், நடுவர் ஓடினார், விசா உள்ளவர்களும் ஓடினார்கள். மைதானத்தின் நடுவில் ஒருவர் மட்டும் நின்றார். இந்தா, சிரிக்கிறார், அருள்நேசன்தான். விக்கெட் காப்பாளர். வன்னியிலிருந்து வந்த புதிது. உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கையில் ஒரு கடதாசியும் இல்லாதவர் அவர்தான், உண்மையில் ஓடியிருக்க வேண்டியவரும் அவர்தான். மாக்சிம் கிட்டப்போய், நீ ஏன் ஓடவில்லை என்று கேட்டார். அருள்நேசனுக்குப் பிரெஞ்சு வராது. காலைக் காட்டினார். கவசத்தின் வார் இறுகிக் கழற்ற முடியவில்லை!

மாக்சிமுக்குத் தோள் குலுங்கிய குலுங்கலில் ஓடிய பொடியன்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். இப்படிச் சிரிக்கிறவர் பொலிஸ் இல்லை என்று முடிவு செய்தார்களாம். அவர் எதற்காக அருள்நேசனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பந்தைப் பிடிப்பதை அவர் பார்க்கவில்லை. பிடியைத் தவறவிட்ட பிறகு என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கிறார். "எல்லோரும் தவறவிட்டதும் வானத்தைப் பார்க்கிறார்கள், கையைப் பார்க்கிறார்கள், மற்றவனைத் திட்டுகிறார்கள். இவன் உடனே குனிந்து அடுத்த பந்துக்குத் தயாராகிறான். இவனுக்குப் பனியில் நிற்கத் தெரியாவிட்டால் என்ன, அதை நான் சொல்லிக்கொடுப்பேன். இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது" என்றார்.

பனியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் பார்த்திருந்த அருள்நேசன் கோல் காப்பாளர் ஆனார். முதல் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள், இன்று கழகத்தின் இளம் கோல் காப்பாளர்கள் எல்லோருக்கும் பயிற்றுநர். அவருக்குப் பிறகு பூங்காக்களிலிருந்தும், கார்ஜின் மாடிக் குடியிருப்பு முற்றங்களிலிருந்தும், கடைகளின் வாகனத் தரிப்பிடங்களில் உருளைச் சப்பாத்தோடு திரிந்த கூட்டங்களிலிருந்தும் எத்தனை பிள்ளைகள்! தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமா? மாலிப் பிள்ளைகள், அல்ஜீரியாவின் கபில் பிள்ளைகள், கொமோர் தீவுப் பிள்ளைகள். ஒவ்வொருவரிடமும் அவர் கடைசியாக ஒரு கேள்வி கேட்பார். "உனக்கு வீட்டு நினைவு வருமா?" இல்லை என்று நெஞ்சை நிமிர்த்துகிற பிள்ளைகளிடம் இன்னும் நன்றாக யோசி என்பார். வரும் என்று சொல்கிற பிள்ளையின் தோளில் கையைப் போட்டு, "நல்லது, வா" என்பார். அவரை எந்தச் சொல்லால் தள்ளினார்களோ, அதே சொல்லால் அவர் எங்கள் பிள்ளைகளை உள்ளே எடுத்தார்.

பியர்ஃபித்தில் தவசீலன் தம்பி வீட்டுக்கு அவர் போனபோது நானும் போனேன், மொழிக்காக. மகள் சுபாங்கியை அணிக்குக் கேட்கப் போனோம். தவசீலன் சோற்றைப் போட்டு, நண்டுக் கறியை ஊற்றி, அதற்குப் பிறகுதான் கதையைத் தொடங்கினார்.

"அக்கா, அவர் நல்ல மனிசன். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பொம்பிளைப் பிள்ளைக்கு ஐசிலை என்ன வேலை? விழுந்து முகத்திலை காயம் வந்தால் நாளைக்கு ஆர் கேப்பினம்?"

நான் மொழிபெயர்த்தேன். மாக்சிம் நண்டுக் காலை உடைத்தபடி சொன்னார். "என் அப்பாவும் என் தங்கையிடம் இதையேதான் சொன்னார். தங்கை கேட்கவில்லை. இப்போது ஊர் அணிக்கு அவள்தான் கோல் காப்பாளர். முகத்தில் காயமும் இருக்கிறது. அதைக் காட்டித்தான் அப்பா எல்லோரிடமும் பெருமை பேசுவார்."

தவசீலன், அந்தத் தங்கைதான் இதோ இருக்கிறார். காயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்! சுபாங்கி இப்போது பிரான்சின் இளையோர் அணித் தேர்வு முகாமுக்குப் போக இருக்கிறாள். லா சப்பல் கடைகளில் அப்பாவோடு மரக்கறி வாங்கிக்கொண்டு நின்ற பிள்ளை!

அப்படிப்பட்ட மனிதர் சென்ற மாதம், கார்ஜ் நிலையத்தில், ஆட்டம் பார்க்கப் போகிற வழியில், ரயிலால் இறங்கி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழும்பவில்லை. தனக்கென்று வீடு வாசல் தேடாமல், ஊர்ப் பிள்ளைகளைத் தேடித் திரிந்த மனிதர்! பூங்காவில் ஓடியவர்கள் எல்லோரும் அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார்கள். எனக்கு அவரில்லாத ஞாயிற்றுக்கிழமை இன்னும் பழகவில்லை.

சபையோரே, இவ்வளவும் சொன்னது எதற்கு? இப்போது எனக்குப் பின்னால் பாருங்கள்.

நான் திரும்ப மாட்டேன். மண்டபத்துக்குள் நுழையும்போதே பார்த்துவிட்டேன். கண்ணீர் அஞ்சலி என்று கொட்டை எழுத்து. இரண்டு பக்கமும் விளக்கு, மேலே மலர் வளையம். எங்கள் தெருவில் யார் இறந்தாலும் சுவரில் ஒட்டுகிற அதே படம்தான், கொஞ்சம் பெரிதாக. நடுவில் மாக்சிம். அவர் தலையில் என்ன? இறகு! உச்சியிலிருந்து தோள்வரை இறகு! கீழே என்ன எழுதியிருக்கிறது? பனிநாட்டுச் சிங்கமே, சென்று வா! புண்ணியமூர்த்தி அண்ணை, அந்தப் பனிநாட்டில் சிங்கம் கிடையாது. இலங்கைக் கொடியில் இருக்கிற சிங்கத்துக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் நாங்கள், அதைக் கொண்டுபோய் அவர் தலைக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள்!

சிரியுங்கள், பரவாயில்லை. அண்ணை, நீங்கள் எழும்பாதேங்கோ, இருங்கோ. உங்களோடு எனக்குக் கோபமில்லை. அவரை வாசலில் கண்டதும் தேநீர் ஊற்றிய மனிதர் நீங்கள். காலையில் கேட்டேன். "தங்கச்சி, கழகம் அனுப்பின படம், நல்ல கம்பீரமா இருந்தது, அப்பிடியே அடிச்சுப்போட்டம்" என்றீர்கள். ஓம் அண்ணை, கழகம் அனுப்பியதுதான், இறகையும் அவர்கள்தான் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். அன்பிருந்தால் போதுமென்று நாங்கள் நினைத்துவிடுகிறோம். ஊளையிட்டவர்களும் அன்போடுதான் ஊளையிட்டார்கள்.

கழகம் அதை மட்டும் அனுப்பவில்லை. இந்தக் கிழமை என் கடைக்கு ஒரு பெட்டி வந்தது. திறந்தேன். வட்டச் சின்னங்கள். சிவந்த முகம், வளைந்த மூக்கு, இறகு. நான் ஒவ்வொரு நூலாகப் பிரித்து எறிந்த அதே தலை, புது நூலில் பளபளவென்று என்னைப் பார்த்தது. வருகிற ஞாயிறு மாக்சிம் நினைவு ஆட்டமாம். பழைய சின்னத்தை அவருக்கு மரியாதையாக எல்லாச் சட்டையிலும் தைக்க வேண்டுமாம். சின்னப் பிள்ளைகள் தலையில் இறகுப் பட்டி கட்டி மேளத்தோடு இறங்க வேண்டுமாம். கடைக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார்கள். சின்னம் தைத்தால்தான் ஆட்டம். ஆட்டம் நடந்தால்தான் அடுத்த பருவம் எங்கள் பிள்ளைகளுக்குப் பனித்தளம்.

துணைத் தலைவர் அவர்களே! நீங்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடு செய்தீர்கள், அதுதான் என் வயிற்றை எரிக்கிறது. உயிரோடு இருந்தபோது அவர் இறகு வேண்டாம் என்றார். காலுறையோடு பனியில் நடந்து சொன்னார். நெஞ்சில் வெறும் வட்டத்தோடு ஆடிச் சொன்னார். இப்போது அவர் வாய் திறக்க மாட்டார் என்றதும் கட்டிவிடப் பார்க்கிறீர்களா? இதற்குப் பெயர் மரியாதையா?

எங்களுக்குள்ளேயும் சில குரல் கேட்டது. நான் மறைக்கவில்லை. "ஒருநாள்தானே அக்கா, பிள்ளையளின்ரை எதிர்காலம், போட்டிட்டு வரட்டும்" என்றார்கள். ஒருநாள்தானே! இந்தச் சொல்லை நாங்கள் வாழ்க்கையில் எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறோம்! ஒருநாள்தானே என்று குனிந்த எந்த முதுகு மறுநாள் நிமிர்ந்தது? ஆனால் பெற்றோரின் பயமும் பொய்யில்லை. பனித்தளம் இல்லாவிட்டால் சுபாங்கி தேர்வு முகாமுக்கு எங்கே போய்ப் பழகுவாள்? முதலில் இழக்கப் போகிறவள் அவள்தான். அதனால் அவளிடமே கேட்டேன். நேற்றுக் கடைக்கு வந்தாள். பெட்டியைக் காட்டினேன், நிலைமையையும் சொன்னேன். ஒரு சின்னத்தை எடுத்துப் பார்த்தாள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை, அதைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"அன்ரி, நான் இதைப் போடமாட்டன். மாக்சிமுக்குத் தெரிஞ்சால் கோவம் வரும்."

"பனித்தளம் இல்லாமல் போகும், பிள்ளை."

"ஓம். தெரியும்."

அவ்வளவுதான். தவசீலன், உங்கள் மகள் முகத்தில் காயம் வந்தால் யார் கேட்பார்கள் என்று கவலைப்பட்டீர்களே. இந்தப் பிள்ளையை எப்படிப் பெற்றீர்கள் என்று உங்களை ஊரே கேட்கும்!

இப்போது நான் இந்தச் சபைக்கு முன்னால், லுயீஸின் முன்னால், மேசையில் இருக்கும் அந்தச் சட்டையின் முன்னால் சொல்கிறேன். அந்தப் பெட்டியை நான் கொண்டு வந்திருக்கிறேன், துணைத் தலைவரின் கதிரைக்குக் கீழே இருக்கிறது. போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு சின்னத்தையும் என் ஊசி தொடாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிள்ளைகள் வருவார்கள். நெஞ்சில் வெறும் வட்டம் தைத்த சட்டையோடு வருவார்கள். அந்த வட்டங்களை நேற்றே தைத்து முடித்துவிட்டேன். கதவைத் திறந்தால் ஆடுவார்கள். சாத்தினால், சாத்திய கதவுக்கு வெளியே தரிப்பிடத்தில் உருளைச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். அருள்நேசன் மரத்தடியில் நிற்பார். அவருக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் பூங்காவில், முற்றத்தில், பிடியைத் தவறவிட்டுவிட்டு உடனே குனிகிற பிள்ளை எங்கே என்று பார்ப்போம். இது நாங்கள் மாக்சிம் மலெக்கின் பெயரால் செய்கிற சத்தியம்.

பனித்தளம் தரமாட்டோம் என்று எங்களைப் பயமுறுத்துகிறீர்களே! மாக்சிம் மலெக் எங்களில் ஒருவரையாவது பனித்தளத்திலா கண்டெடுத்தார்?

லுயீஸ், உங்கள் அண்ணனை நாங்கள் உங்களிடம் திருப்பித் தருகிறோம். அவர் இருந்தபடியே தருகிறோம். அந்தச் சட்டை உங்களுக்கு. கொண்டுபோய் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இனி ஒரு வேலைதான் மிச்சம். இதோ, என் கத்தரிக்கோல். சேலை வெட்டுகிற கத்தரிக்கோல், இந்தப் பதாகையின் பிளாஸ்டிக் சீலை அதற்கு ஒரு பொருட்டில்லை. புருவத்துக்கு மேலே வெட்டினால் இறகு முழுக்கப் போய்விடும். கண்ணும் சிரிப்பும் மிஞ்சும். அது போதும் எங்களுக்கு.

என்ன அண்ணை சொல்லுறியள்? படத்திலை ஓட்டை விழும், பின்னாலை சுவர் தெரியுமோ?

துளை தெரியட்டும். எழும்பி வாங்கோ அண்ணை, அந்தப் பக்கத்தை இறுக்கிப் பிடியுங்கோ.